சிவப்பு மை

கான்ஸ்டான்டிநோபிள் அரண்மனையில் பேரரசர் ஒருவர்தான் சிவப்பு மையால் எழுதலாம். அந்த மையில் கையெழுத்து விழாத ஆணை வெறும் தோல்துண்டு. மைக்கூட்டைக் காப்பதற்கென்றே ஓர் அதிகாரி இருந்தார். அவர் பெயர் நிகேதாஸ்.

பேரரசர் பொல்லாத கோபக்காரர். யாருடைய கண்களையாவது பிடுங்கச் சொல்லி ஆணை தயாரானால், நிகேதாஸ் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, "மை காஞ்சுபோச்சு, மகாராஜா. அரைச்சுக் கொண்டாறேன்" என்பார். அரைக்க மூன்று நாளாகும். அதற்குள் கோபம் ஆறிவிடும், ஆணையை யாரும் கேட்க மாட்டார்கள். இப்படித்தான் பதினோரு பேர் இன்னமும் துறைமுகத்தில் கப்பல்களை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ இதைப் பேரரசரிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஒரு நாள் காலை வந்த ஆணையில் நிகேதாஸின் பெயரே இருந்தது. அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறருக்காகக் கூசாமல் சொன்ன பொய், தனக்கென்று வந்தபோது நாக்கில் ஏறவில்லை. மைக்கூட்டைக் கொண்டுபோய் வைத்தார்.

"காலையிலதான் ரொப்பினேன், மகாராஜா."

பேரரசர் எழுதுகோலை எடுத்தார். பிறகு கீழே வைத்தார்.

"அந்தப் பதினோரு பேரை நெனச்சாத்தான் எனக்குத் தூக்கமே வருது" என்றார். மூடியை அவர் தொடவேயில்லை. "மை காஞ்சுபோச்சு, நிகேதாஸ். போய் அரைச்சுக் கொண்டா. அவசரமில்ல."

நிகேதாஸ் மைக்கூட்டை இரு கைகளாலும் தூக்கினார். உள்ளே மை தளும்பியது. அந்தச் சத்தம் இருவருக்கும் கேட்டது.