தொடக் கூடாத வரி

அந்த ஜாவா ப்ராஜெக்டுக்கு வேண்டிய ஆயத்த நிரல் தொகுப்புகளான லைப்ரரிகளின் பட்டியலில், ஒரு வரிக்கு மேல் மட்டும் ‘இதைத் தொடாதீர்கள்’ என்ற குறிப்பு எட்டு வருடங்களாக இருந்தது. புதிதாகச் சேர்ந்த மெஹருன்னிஸா தொட்டுவிட்டாள். வரியை அழித்துவிட்டு ஓட்டிப் பார்த்தாள். சோதனைகள் எல்லாம் பச்சை; ஒரு பிழைகூட இல்லை.

“ஒண்ணுமே ஆகலையேக்கா. இந்த லைப்ரரிய நம்ம ப்ரோக்ராம்ல எங்கேயுமே யூஸ் பண்ணலை. யாரு இப்படி எழுதிவெச்சது?”

குழுத்தலைவி திலகவதிக்குத் தெரியும். வேறெங்கிருந்தோ பட்டியலைக் காப்பியடித்தபோது கூடவே வந்துவிட்ட வரி. எதற்கென்று தெரியாத பயத்தில் அவளே எழுதிய குறிப்பு. போன வருடம் இன்பசேகர் அதை நீக்கிய அன்றைக்கே வேறேதோ காரணத்தால் சர்வர் படுத்துவிட்டது. “தொடாதேன்னு எழுதியிருக்கே, கண்ணு தெரியலையா?” என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டு, வரியைத் திரும்பச் சேர்த்தாள். அந்த வாரமே அவன் வேலையை விட்டுப் போனான்.

பக்கத்து மேசைகளில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

“குறிப்பு மேல மவுஸ வெச்சா எழுதினவங்க பேரு வந்துடும்கா, பாத்துடலாம்.”

“இன்பசேகரா இருக்கும்” என்றது திலகவதியின் வாய்.

திரையில் சின்னப் பெட்டி ஒன்று விரியத் தொடங்கியது.