முன்னால் ஓடுகிற முதுகு

“இன்னைக்கும் ரெண்டாவதா வந்தீங்கன்னா, அந்த ஷூவை நானே குப்பையில போட்டுருவேன். சொல்லிட்டேன்.”

மனைவி இதைச் சொன்னபோது சுமைக்காரர் மைதானத்து வேலியைப் பிடித்துக்கொண்டு காலை உதறிக்கொண்டிருந்தார். கிடங்கில் மூட்டை தூக்கியே முறுக்கேறிய உடம்பு. பிடரித் தோல் காய்த்துப்போய், தடவினால் மரப்பட்டை மாதிரி இருக்கும். தலை முழுக்க வெள்ளை.

“போடு. யாரு வேணாம்னா? இன்னைக்கு அவனை விடுறதா இல்ல.”

“இதையேதான் ஒவ்வொரு தடவையும் சொல்றீங்க. ஞாயித்துக்கிழமை ஆனா ஓட்டம், திங்கக்கிழமை ஆனா முட்டிக்குத் தைலம். தேய்ச்சுத் தேய்ச்சு என் கையில ரேகையே அழிஞ்சுபோச்சு.”

ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான நூறு மீட்டர் ஓட்டம் அது. இந்த சீசனில் இதுதான் கடைசி. இதற்குமுன் நடந்த நாலிலும் சுமைக்காரர் இரண்டாவது. நாலிலும் அவருக்கு முன்னால் போனது ஒரே முதுகு, நீல பனியன் போட்ட முதுகு.

விஷயம் கிடங்குக்கும் எட்டிவிட்டது. கூட வேலை பார்க்கிறவர்கள் அவரை ‘ரெண்டு’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். “ரெண்டு, லாரி வந்திருச்சு!” “ரெண்டுக்கு டீ சொல்லுப்பா!” டீக்கடைக்காரர் ஒன்றும் புரியாமல் இரண்டு டீ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

அந்தக் கடுப்பில்தான் எல்லார் முன்னாலும் வாயை விட்டுவிட்டார். இந்த சீசன் முடிவதற்குள் ஒரு தடவையாவது அந்த நீல பனியனை ஜெயிக்காவிட்டால் இனி ஓடவே மாட்டேன் என்று. சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. முதுகில் பாரம் இல்லாமல் அவர் நகர்ந்துபோகிற தூரம் வாழ்க்கையில் அந்த நூறு மீட்டர் மட்டும்தான். அதையும் விட்டுவிட்டு என்ன செய்ய?

“ஏங்க, ரெண்டாவதா வந்தவங்களுக்கும் மெடல் உண்டாமே? அதையாவது வாங்கிட்டு வந்திருக்கலாம்ல?”

“அவன் மேல நிப்பான், நான் கீழ நின்னு அண்ணாந்து பார்க்கணுமா? கோட்டைத் தாண்டின கையோட சட்டையை மாட்டிக்கிட்டு வெளியே வந்துருவேன். அந்த மேடைப் பக்கம் திரும்பினதே இல்ல.”

அந்த நேரம் பார்த்து நீல பனியன்காரரே துள்ளிக்கொண்டு வந்தார். கருகருவென்று முடி. வயிறு என்று ஒன்று இருந்ததற்கான அடையாளமே இல்லை.

“வணக்கம். முட்டி வலி எப்படி இருக்கு?”

“அது செத்துப்போச்சு” என்றார் சுமைக்காரர், பல்லைக் கடித்துக்கொண்டு.

நீல பனியன் நகர்ந்ததும் சுமைக்காரர் மனைவியின் பக்கம் குனிந்தார். “பார்த்தியா? ஐம்பத்தஞ்சைத் தாண்டின மூஞ்சியா அது? நாப்பத்தஞ்சுக்கு மேல ஒரு நாள் இருக்காது. வயசைக் கூட்டிச் சொல்லி உள்ள நுழைஞ்சிருக்கான்.”

“குறைச்சுச் சொல்றவங்களைத்தான் நான் கேள்விப்பட்டிருக்கேன்.”

“மத்தவங்களைப் பாரு. கோட்டுல கொண்டுவந்து நிறுத்தவே ஒரு ஆள் வேண்டியிருக்கு. கிழடுங்களோட ஓடி சுலபமா ஜெயிக்கலாம்னு வந்திருக்கான். வெட்கங்கெட்ட பய!”

விசில் ஒலித்தது.

சுமைக்காரர் முதல் அடியிலேயே முந்தினார். வேலிக்கு வெளியே கிடங்கு ஆட்கள், “விடாதே ரெண்டு! விடாதே!” என்று கத்தினார்கள். பாதித் தூரம் வரை அவர் கண்முன்னே யாருடைய முதுகும் இல்லை. காற்று மட்டும் இருந்தது. அப்புறம் வலது பக்கம் ஏதோ நீலமாகத் தெரிந்தது. கழுத்தை நீட்டினார், நெஞ்சைத் தள்ளினார், நாக்கைக்கூட நீட்டிப் பார்த்தார். ஒரு சாண் வித்தியாசத்தில் நீலம் கோட்டைத் தாண்டியது.

இந்தத் தடவை அவர் சட்டையைத் தேடிப் போகவில்லை. நேராக மேடைக்கு நடந்தார். பின்னாலேயே மனைவி ஓடினாள்.

மேடையில் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார் கையில் மைக்கோடு உட்கார்ந்திருந்தார்.

“சார், அந்த நீல பனியன் வயசுல ஏமாத்துறாரு! விசாரிங்க!”

மைக் அணைக்கப்படவில்லை. மைதானமே திரும்பிப் பார்த்தது. கிடங்கு ஆட்கள் வேலியில் ஏறி நின்றார்கள்.

வாத்தியார் புருவத்தைச் சுருக்கினார். “ஏமாத்துறாரா? ஏமாத்தினாலும் உங்களுக்கு என்னங்க? உங்களுக்கும் அவருக்கும் என்ன போட்டி?”

“என்ன போட்டியா? சீசன் பூரா என்னைத் தோற்கடிச்சிருக்கான் சார்!”

வாத்தியார் அவர் பனியனில் குத்தியிருந்த எண்ணைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. “அட, அந்த ஆள் நீங்கதானா! உங்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு என் தொண்டையே வத்திப்போச்சு.” மேசைக்கு அடியில் கைவிட்டு, நாடா சிக்கிய நான்கு தங்கப் பதக்கங்களை எடுத்து வைத்தார். “ஆள் கம்மியா வர்றதால எல்லாரையும் ஒண்ணா ஓடவிடுறோம். பரிசு, அஞ்சு வயசுக்கு ஒரு பிரிவுன்னு தனித்தனி. ஐம்பத்தஞ்சு பிரிவுல நீங்க ஒருத்தர்தான் ஐயா. நடந்து வந்திருந்தாலும் உங்களுக்குத்தான் முதல் பரிசு!”

வேலிப் பக்கமிருந்து விசில் பறந்தது. சுமைக்காரரின் நெஞ்சு மெதுவாக விரிய ஆரம்பித்தது.

மனைவி சும்மா இருக்கவில்லை. “அப்ப அந்த நீல பனியன் எந்தப் பிரிவு சார்?”

“அவரா?” வாத்தியார் மைக்கை வாய்க்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார். “எழுபது வயசுப் பிரிவு. வழக்கமா அவரோட அண்ணன்தான் ஜெயிப்பாரு, இந்த சீசன் அவருக்குக் கால் சுளுக்கு.”