மேக்கப் ரூமிலிருந்து வந்த படம்
பாண்டி பஜாரில் ஒரு மாடி அறை. பிரபலங்களின் கையெழுத்துகளைச் சேகரிக்கும் கணேசமூர்த்தி, ஜன்னல் வெயிலில் ஒரு நடிகையின் புகைப்படத்தைச் சாய்த்துப் பார்க்கிறார். எதிர் பெஞ்சில் பொன்னுரங்கமும் அவன் மனைவி சுலோச்சனாவும் உட்கார்ந்திருக்கிறார்கள். வடபழனி ஸ்டுடியோவில் லைட் தூக்கும் பொன்னுரங்கம், கல்யாணமான வருஷம் அவளுக்குக் கொடுத்த படம் இது. தன் கண்ணெதிரே போட்ட கையெழுத்து என்று தெரு முழுக்கச் சொன்னவன். அந்த நடிகைக்காகச் செயலாளர்தான் கையெழுத்துப் போடுவார் என்று போன வாரம் சுலோச்சனாவின் தம்பி சிரித்ததிலிருந்து வீட்டில் பேச்சில்லை. கீழே ஒரு பஸ் உறுமி நகர, ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. கணேசமூர்த்தி, நடிகை கைப்பட எழுதிய பழைய கடிதம் ஒன்றைப் படத்தின் பக்கத்தில் வைக்கிறார். லென்ஸ் எழுத்தெழுத்தாக நகர்கிறது. பொன்னுரங்கம் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருக்கிறான். "செயலாளர் எழுத்து எனக்குப் பழக்கம். கடைசிச் சுழிக்கு முன்னால அவர் பேனாவைத் தூக்கிருவார். இது தூக்காம ஒரே ஓட்டமா வந்திருக்கு, இந்தக் கடுதாசில இருக்கிற மாதிரியே. அந்தம்மா கைதான்," என்கிறார் கணேசமூர்த்தி. பொன்னுரங்கத்தின் தோள்கள் தளர்ந்து இறங்குகின்றன. "நான் பாக்கல சுலோ. மேக்கப் ரூம் வாசல்ல குட்த்துட்டு வெளியதான் நின்னுக்கினு இருந்தேன். யார் போட்டாங்கன்னு எனக்கே தெரியாது." சுலோச்சனா படத்தை வாங்கி மடியில் வைத்துக்கொள்கிறாள். "அது எனக்கு அன்னிக்கே தெரியும். அந்தம்மா இன்னா கலர் பொடவைல இருந்தாங்கன்னு கேட்டேன், நீ முழிச்ச," என்று சொல்லிச் சிரிக்கிறாள்.