குடிலில் ஆயுதபூசை

ஓசூர்ப் பக்கம் அந்தப் பசுமைக்குடிலில் மண்வெட்டி முதல் தெளிப்பான் வரை எல்லாவற்றுக்கும் சந்தனம் வைத்தாயிற்று.

“இலைப்பேனைத் தின்னு நம்ம குடமிளகாயைக் காப்பாத்துற பூஞ்சைக்கு ஒண்ணும் இல்லையா?” என்ற மாதம்மா, ஒரு குடம் மஞ்சள் தண்ணீரைப் பாத்தியெங்கும் பக்தியோடு தெளித்தாள்.

“அக்கா, எரியுது!” என்று, மண்ணில் பதித்த உணரி வழியாகப் பேசும் அந்தப் பூஞ்சை சுவர் ஒலிபெருக்கியில் அலறியது. அதோடு பேச்சு நின்றுவிட்டது.

அவள் கணவன் பைரப்பன் தலையில் கைவைத்தான். “மஞ்சள் பட்டா பூஞ்சை செத்துடும்டி!”

நான்கே நாளில் இலைப்பேன் ஏறிக் குருத்துகள் சுருண்டன. மஞ்சள் படிந்த மேல்மண்ணை இருவரும் இடுப்பொடியக் கையாலேயே வழித்தெடுத்தார்கள். மாதம்மா அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டாள்.

ஐந்தாம் நாள் காலையில் ஒலிபெருக்கி மெல்லச் செருமியது.

“அக்கா, பூசையன்னிக்கு இங்க வேலை செய்யிற எல்லாருக்கும் பொரி குடுத்தீங்கதானே?”

“ஆமா சாமி!”

“நான் ஆய்வுக்கூடத்துல அரிசிச் சோத்துலயே வளர்ந்தவன். எனக்கு மட்டும் ஏன் மஞ்சளு?”

மாதம்மா மிச்சப் பொரியை மூட்டையோடு தூக்கிவந்தாள்.

“கடலையைப் பொறுக்கி அண்ணனுக்குக் குடுத்துடுங்க” என்றது பூஞ்சை. “மண்ணு வழிச்சே இளைச்சுட்டாரு.”