களிமண் உருண்டை

தாவல் செல்லாது என்று தூக்கிய சிவப்புக் கொடி இன்னும் இறங்கவில்லை. இலிங்கா நீளம் தாண்டும் மணற்குழியில் தன் குதிகால் விழுந்த பள்ளத்தின் மேல் மண்டியிட்டு, இரண்டு கைகளாலும் அதை மறைத்திருக்கிறாள். இந்தத் தாவலை அளந்தால் அவள் ஐரோப்பியப் போட்டிக்குப் போவாள். அளக்காவிட்டால், முப்பத்திரண்டு வயதில், எல்லாம் இன்றோடு முடிந்தது. வியர்வையில் ஒட்டிய மணல் அவள் தொடையில் மின்னுகிறது. “எந்திரிம்மா, மணலைச் சமன் பண்ணணும்” என்கிறார் குழியைப் பார்த்துக்கொள்ளும் கிழவர் கிரிகோரே, கையில் நீளக் கைப்பிடி போட்ட இரும்புச் சீப்போடு. “தொட்டுப் பாருங்க, கடிச்சு வெச்சிருவேன்.” மேலே பார்வையாளர் படிகளில் சூரியகாந்தி விதை கொறிப்பவர்கள் சிரிக்கிறார்கள். “கடிச்சிருவா தாத்தா, தள்ளி நில்லு!” நடுவர் ஹரலாம்ப் குழியோரம் வந்து நிற்கிறார். “கோட்டைத் தாண்டி மிதிச்சே. நான் பார்த்தேன்.” கோட்டை ஒட்டிய களிமண் பட்டையில் கால் பட்டிருந்தால் தடம் விழுந்திருக்கும். “அந்தத் தடத்தைக் காட்டுங்க சார்.” “புதுப் பட்டை வெச்சாச்சு.” “பழசு எங்க?” ஹரலாம்பின் விரல்கள் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கின்றன. “கையைத் திறங்க!” திறக்கிறார். பழைய பட்டையிலிருந்து கிள்ளிய களிமண், கொண்டைக்கடலை அளவில் வழவழப்பான ஓர் உருண்டையாக. அப்போதுதான் பார்ப்பவர்போல அவரும் அதைப் பார்க்கிறார். சிரிப்பு நின்றுவிடுகிறது. இலிங்கா எட்டி அதைப் பிடுங்கி, தன் குதிகால் பள்ளத்தில் வைக்கிறாள். “இப்ப அளங்க.” அளவு நாடாவோடு நிற்பவர் ஹரலாம்பின் முகத்தைப் பார்க்கிறார். ஹரலாம்ப், “மணலைச் சீவு” என்கிறார். கிரிகோரே இரும்புச் சீப்பைத் தரையில் போட்டு, அதன் கைப்பிடிமேல் ஏறி நிற்கிறார்.