நெரிசல் இல்லாத குளம்

நான் சொல்வதில் பாதியைத் தள்ளிவிட்டுக் கேளுங்கள். ஒரு குளத்தில் தவளைகள் பல்கலைக்கழகம் நடத்தின. அங்கே பாடம் ஒன்றே ஒன்றுதான்: பாம்பு வந்தால் குதித்துத் தப்புவது.

வருஷா வருஷம் வெளிநாட்டு நாரை ஒன்று வந்து, மீன் விருந்து சாப்பிட்டுவிட்டு, உலகக் குளங்களின் தரவரிசையைச் சொல்லும்.

"உங்க இடம் எண்ணூறுக்கும் ஆயிரத்துக்கும் நடுவுல எங்கேயோ இருக்கு."

"எங்கேயோன்னா எங்கே ஐயா?" என்றார் துணைவேந்தர் தவளை.

"அவ்வளவு கீழே நாங்க எண்ணுறதில்லை."

துணைவேந்தர் இன்னொரு மீனை நாரையின் பக்கம் தள்ளினார். "மேலே வர என்ன செய்யணும்?"

"உங்க வாத்தியார்கள் பேர் நாலு வாயில அடிபடணும். நாங்க அதைத்தான் எண்ணுவோம்."

மறுநாளே குதிக்கும் வகுப்பு நின்றது. வாத்தியார்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவர் பேரை ஒருவர் கத்தினார்கள். பிள்ளைகளுக்கும் அதுவே பாடம்.

குதிக்கச் சொல்லித்தந்த டீச்சர் மட்டும், "பாம்பு வந்தா பிள்ளைங்க என்ன சார் பண்ணும்?" என்று கேட்டாள்.

"நீ இன்னைக்கு யார் பேரையும் சொல்லலையேம்மா. முதல்ல அதைச் சொல்லு" என்றார் துணைவேந்தர்.

இந்தச் சத்தத்துக்குப் பாம்பு வராமல் இருக்குமா? வந்தது. வாத்தியார்களுக்குக் குதிக்கத் தெரியும், குதித்தார்கள். பிள்ளைகள் படித்த பாடத்தின்படியே வரிசையாக நின்று வாத்தியார்களின் பேரைக் கத்தின. பாம்பு அவசரமில்லாமல் சாப்பிட்டது.

அடுத்த வருஷம் நாரை வந்து குளத்தைச் சுற்றிப் பார்த்தது.

"அபாரம். பேரும் அடிபடுது, ஒரு வாத்தியாருக்கு இத்தனை பிள்ளைங்கங்கற நெரிசலும் இல்லை. உங்களுக்கு நூறாவது இடம்."

மாலை போட ஒரு பிள்ளையும் இல்லாததால், துணைவேந்தர் தானே எடுத்துப் போட்டுக்கொண்டார்.