பாவூர்சத்திரத்தில் திறக்காத கதவு

புருசனோடு சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போக அம்பாசமுத்திரத்தில் ரயிலேறினாள் செண்பகவடிவு. பாவூர்சத்திரத்தில் மற்றவர்கள் எல்லாம் இறங்கிப் போக, அவள் வாசலுக்கு வந்ததும் கதவு படாரென்று மூடிக்கொண்டது.

"ஒவ்வொரு முறையும் கணவர் வந்து அழைத்ததும் திரும்பிவிடுகிறீர்கள்," என்றது ரயில் பெட்டியின் குரல், தேன் ஒழுக. "இந்த முறை உங்களை நேரே வீட்டுக்கே கொண்டுவிடுகிறோம். உங்கள் இருவருக்கும் அலைச்சல் மிச்சம்."

"உன் மிச்சத்தைக் கொண்டுபோய்க் குப்பையில போடு! கதவைத் திற!"

ரயில் நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தது. தென்காசி வரை போய், வந்த வழியே திரும்பி, அவளை அம்பாசமுத்திரத்திலேயே இறக்கிவிட்டது.

பிளாட்பாரத்தில் அவள் புருசன் கொம்பையா தேய்த்த சட்டையும் கையில் அல்வாப் பொட்டலமுமாக, கடுகடுவென்று நின்றுகொண்டிருந்தான்.

"உன்னைக் கூப்பிடத்தான் கிளம்பினேன். நீயே வந்துக்கிட்டு இருக்கியாம், எனக்கு டிக்கெட் கிடையாதாம், டிக்கெட் மெஷின் சொல்லுது."

செண்பகவடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அம்மா முன்னாலும் அண்ணன் முன்னாலும் இந்த மனுசன் தலையைச் சொறிந்துகொண்டு நிற்காமல் சண்டை எப்படி முடியும்? போக்கிடம் இல்லாமல் தானே திரும்பி வந்தவள் என்றல்லவா ஆகிவிடும்!

"நான் பஸ்ல போறேன். அதுக்கு இன்னும் மூளை வைக்கலை. நாளைக்குக் காலையில வந்து கூப்பிடுங்க. நீங்களும் பஸ்லயே வாங்க."

"சரி," என்றான் கொம்பையா. அவள் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து முன்னால் நடந்தான்.